42/7ஆம் வீட்டின் நாற்பத்து மூன்று ரசிகர்கள்

கொட்டாஞ்சேனை
4.5.1998

புகழ் பெறப்போகும் டோரின் அக்காவுக்கு,

புகழ் பெற வழியில்லாத தம்பி பேதுரு எழுதிக்கொள்வது. எல்லாரும் சுகம். என் முழங்கை மட்டும் சுகமில்லை. காரணம் நீ.

நேற்றுப் பின்னேரம் நீ ரி.வி.யில் வருகிற நேரம் பார்த்து எங்கள் அன்ரனாவுக்கு நடுக்கம் வந்துவிட்டது. நான் கூரையில் ஏறி அதைக் கட்டிப்பிடித்தால் நீ ஒருத்தி, விட்டால் இரண்டு பேர். அம்மா வாசலில் நின்று, "அசையாதையடா, அவள் பாடி முடியுமட்டும் மூச்சும் விடாதை" என்று கத்தினா. ஆக, கொட்டாஞ்சேனையே உன்னைப் பார்த்தது, அன்ரனா பிடித்தவன் பார்க்கவில்லை. காதால் மட்டும் கேட்டேன். சரணத்தில் நீ மேலே போனாயே, அப்போது கூரைத் தகரம் அதிர்ந்தது. என் கால் நடுங்கியதாகவும் இருக்கலாம். நடுவர் உன்னைப் புகழ, ஒழுங்கை முழுக்கக் கைதட்ட, அந்தச் சத்தத்தில் காகங்கள் கிளம்பி என்னைச் சுற்றிப் பறந்தன. உனக்குத் தூவியது பூ. எனக்குத் தூவியது வேறு.

அப்பாவைப் பற்றிக் கேட்பாய். பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு இருந்தாராம். நாலு நிமிடமும் ஒரு பக்கம் திருப்பவில்லையாம். பாட்டு முடிந்ததும், "எங்கட ஆக்களுக்கு இந்தக் கொழும்பில ஆக நல்ல முகம், ஒருத்தருக்கும் ஞாபகம் வராத முகம். அதை இவள் கொண்டுபோய் நாடு முழுக்கக் காட்டுறாள்" என்றார். துறைமுகக் கிளாக்கர் அல்லவா. கப்பலில் வந்த பெட்டியெல்லாம் ஊருக்குத் தெரிய எண்ணி எழுதவேண்டும், வீட்டில் இருக்கிற பெட்டை மட்டும் ஒருவர் கண்ணிலும் படக்கூடாது.

பதிலை என் சிநேகிதன் ஷிப்லியின் வாப்பாவின் கடைக்குப் போடு. வீட்டுக்கு வந்தால் முதல் வாசகர் அப்பாதான்.

நீ பாட, நான் பாடுபட,
பேதுரு


வெள்ளவத்தை
8.5.1998

அன்பின் பேதுரு,

உன் கடிதத்தை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்துப் புரையேறி, தேத்தண்ணி முழுக்க மேசைவிரிப்பில்.

என் கதையைக் கேள். கொன்ஸ்ரன்ஸ் மாமியின் சப்பாத்து எனக்கு ஒரு சைஸ் பெரிது. முன்பக்கத்தில் பேப்பர் அடைத்துக்கொண்டு போனேன். நடக்க நடக்கச் சரசர என்று சத்தம். ஒலிப்பதிவு செய்கிறவர் எல்லாரையும் நிற்பாட்டி, "ஸ்ரூடியோவுக்குள்ள எலி ஓடுது" என்று மேசைக்குக் கீழே குனிந்து தேடினார். கடைசியில் வெறுங்காலோடு பாடினேன். கமராவில் இடுப்புக்கு மேலேதான் தெரிந்தது. அந்தோனியார் செய்த புதுமை.

பாடும்போது என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது. கோயில் பாடகர் குழுவில் பத்து வருடம் பின்வரிசையில் நின்று, முன்னால் நிற்பவர்களின் முதுகைப் பார்த்துப் பாடியவள் நான். முதன்முதலாக எனக்கு முன்னால் ஒரு முதுகும் இல்லை.

முந்தாநாள் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்தார்கள். ஆமிக்காரன் என் அடையாள அட்டையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், திரும்பவும் அட்டையைப் பார்த்தான். இனி வழக்கமான கேள்விகள்தான், ஊர் எது, ஏன் வந்தாய், யாரிடம் போகிறாய்.  அவனோ, "சிந்து கியன நங்கி நேத?" என்றான். பாட்டுப் பாடுகிற தங்கச்சிதானே என்று. மற்றவனையும் கூப்பிட்டுக் காட்டினான். கேள்வியே இல்லாமல் அனுப்பினார்கள். பஸ்ஸில் இருந்து இறங்கும்வரை எனக்குக் கால் தரையில் படவில்லை. அப்பா பயப்படுகிற அதே முகம்தான், பேதுரு.

ஒன்று கேட்கவேண்டும். நான் பாட்டுப் போட்டிக்கென்று வீட்டைவிட்டு வெளிக்கிட்ட அன்று அப்பா, "வாசலைத் தாண்டினால் பொலிஸ் பதிவில இருந்து உன்ர பேரை வெட்டிப்போடுவன்" என்றாரே. வெட்டிவிட்டாரா? இங்கே பொலிஸுக்குக் கொடுக்க வீட்டாட்களைப் பதிகிற படிவத்தில் மாமி என் பெயருக்கு நேரே "தற்காலிகம்" என்று எழுதினா. அங்கேயும் வெட்டியிருந்தால் நான் எங்கேயும் இல்லாத ஆள்.

17ஆம் திகதி அரையிறுதி. ஐந்து பேர். புள்ளியில் பாதி நடுவர்களுடையது, பாதி நீங்கள் அனுப்பும் தபாலட்டைகள். ஓர் ஆளுக்கு ஓர் அட்டை, பெயரும் முகவரியும் கட்டாயம். குலுக்கலில் ஓர் ஆளுக்குப் பரிசும் உண்டு. உன் மூளை சுற்றும் சத்தம் வெள்ளவத்தைவரை கேட்கிறது. நிற்பாட்டு.

டோரின்


கொட்டாஞ்சேனை
19.5.1998

அரையிறுதி அரசிக்கு,

நிற்பாட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ பாடிய பாட்டுக்கு அம்மா அழுதா, பக்கத்து வீட்டு அன்ரி அழுதா, நான் கூரையில் நின்றபடியால் அழ வசதிப்படவில்லை. நீ குரல் கொடுத்தாய், நான் வாக்குக் கொடுத்தேன். ஒன்று அல்ல, நாற்பத்து மூன்று. ஷிப்லியின் வாப்பாவிடம் ஒரு கட்டுத் தபாலட்டை வாங்கி, இரண்டு பின்னேரம் இருந்து எழுதினேன். சும்மா எழுதவில்லை, ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு சரித்திரம். வேலுசாமி, தையல்காரர், "பிள்ளையின் பாட்டில் ஒரு தையலும் பிரியவில்லை." மயிலம்மா, வயது எழுபது, "இந்தக் குரலைக் கேட்டதும் என் மூட்டுவாதம் குறைந்தது." ஓய்வுபெற்ற ஆசிரியர் சவுந்தரநாயகம், "இலக்கணப் பிழையற்ற சங்கீதம்." பாதி வலது கை, பாதி இடது கை. இரண்டு பேனை.

முகவரி? எல்லாருக்கும் 42/7, எங்கள் வீடுதான். வேறு வீட்டு இலக்கம் போடலாம் என்று ஷிப்லி சொன்னான். விசரன். குலுக்கலில் பரிசு விழுந்தால் அந்த வீட்டுக்காரன் கொண்டுபோய்விடமாட்டானா?

அப்பா ஒன்றும் அறியார். பதிவுக் கேள்வியை அவரிடம் கேட்கப் போனேன், அவர் என்னைப் பார்த்த பார்வையில் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டுவிட்டு வந்தேன்.

உன் வாக்காளர் பெருமக்கள் சார்பில்,
பேதுரு


வெள்ளவத்தை
21.5.1998

பேதுரு,

அட்டைகளை அனுப்பிவிட்டுத்தான் எனக்கு எழுதியிருக்கிறாய். முதலே சொன்னால் தடுத்திருப்பேன் என்று உனக்குத் தெரியும்.

என்னோடு பாடுகிற பாக்கியலெட்சுமி கிராண்ட்பாஸில் கார்மென்ட் தைக்கிற பிள்ளை. அவளுக்கு அட்டை போடுகிறவர்கள் வேலை முடிந்து கிடைக்கிற அரைமணித்தியாலத்தில் ஒருவருக்கு ஒருவர் கேட்டு எழுதிப் போடுகிறார்களாம். அதைக் கேட்டுக்கொண்டு உன் சவுந்தரநாயகத்தை நினைத்தேன். 

நிகழ்ச்சித் தயாரிப்பாளர் கதிர்காமநாதன் சேரிடம் சொல்ல இரண்டு முறை அவர் கதவுவரை போனேன். இரண்டு முறையும் திரும்பி வந்தேன். பாட்டு நல்லாக வந்துவிட்டது, பேதுரு. இதுவரை ஒருநாளும் அப்படி வரவில்லை. சொன்னால் எல்லாம் போய்விடும் என்ற பயம். அதனால் இப்போது இது உன் குற்றம் மட்டும் இல்லை. அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

டோரின்


கொட்டாஞ்சேனை
25.5.1998, காலை

இறுதிப்போட்டி இளவரசிக்கு,

நீ உள்ளே. மூன்று பேரில் ஒருத்தி. ஒழுங்கையில் வெடி கொளுத்த வெளிக்கிட்டார்கள், வெடிச்சத்தத்துக்குப் பொலிஸ் வரும் என்று அம்மா தடுத்துப்போட்டா. அதனால் சட்டி பானையில் தட்டினார்கள்.

அதைவிடப் பெரிய புதினம் குலுக்கல். அறிவிப்பாளர் மூட்டைக்குள் கையை விட்டு ஓர் அட்டையை எடுத்து வாசிக்கிறார்: "சவுந்தரநாயகம், இலக்கம் 42/7, கொட்டாஞ்சேனை. இவருக்கு ஒரு மின்விசிறி." உன் விசிறிக்கு ஒரு விசிறி, அக்கா. நான் அன்ரனாவை விட்டுவிட்டேன்.

இறங்கி வந்தால், "ஆரடா அது சவுந்தரநாயகம்?" என்று அம்மா. அப்பா பேப்பரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "முகவரி மாறி வாசிச்சிருப்பினம்" என்றேன். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது, மிச்சம் பின்னேரம்.

பின்னேரம்.

அக்கா, பொலிஸ் வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது. சார்ஜனும் இன்னொருவரும். கையில் எங்கள் வீட்டுப் பதிவுப் படிவம். "மே சவுந்தரநாயகம் கோ?" ரி.வி.யில் பெயர் வந்த இந்தச் சவுந்தரநாயகம் எங்கே, எப்போது வந்தவர், யாழ்ப்பாணமா, ஏன் பதியவில்லை என்று. அப்பா பதிவில் உள்ளவர்களைத் தவிர வேறு ஒருவரும் இல்லை என்றே திரும்பத் திரும்பச் சொன்னாராம். கட்டிலுக்குக் கீழேயும் பார்த்தார்களாம். பிறகு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். படிவத்தில் கையெழுத்து அவருடையது.

நான் ஸ்ரேசனுக்கு ஓடினேன். நான்தான் அட்டையை எழுதினேன், அப்படி ஓர் ஆளே இல்லை என்றேன். "தகப்பனுக்காக எல்லாப் பொடியன்களும் இப்பிடித்தான் சொல்லுவாங்கள். எழுதின காட் எங்கே, காட்டு" என்றார் சார்ஜன்.

அட்டைகள் உங்கள் ரி.வி. நிலையத்தில் இருக்கின்றன. நீ கேட்டால் எல்லாம் வெளியில் வரும், உன் இறுதிப்போட்டி போய்விடும். கேட்காவிட்டால் அப்பா...

ஷிப்லி பஸ்ஸில் இதைக் கொண்டுவருகிறான். எனக்கு வேறு ஒன்றும் எழுத வரவில்லை.

பேதுரு


வெள்ளவத்தை
26.5.1998

பேதுரு,

இந்தக் கடிதம் உன் நாற்பத்து மூன்று பேரோடும் ஒன்றாக வருகிறது. கதிர்காமநாதன் சேர் தன் காரில் கொண்டுவருகிறார். அவரோடு ஸ்ரேசனுக்குப் போ. பகிடி ஒன்றும் விடாதே.

காலை அவர் வரமுதலே நான் அவருடைய கதவடியில் நின்றேன். இந்த முறை திரும்பிப் போகவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், எனக்குப் போன வாரமே தெரியும் என்பதையும். அவர் அலுமாரியைத் திறந்து மூட்டையைக் கொட்டினார். இரண்டு பேரும் தரையில் இருந்து உன் ஆட்களைப் பொறுக்கினோம். நீ இடது கையால் எழுதி மறைக்க நினைத்ததை நான் இரண்டு வினாடியில் கண்டுபிடித்தேன். "வாக்கைத் திருப்பி எடுக்க வந்த முதல் ஆள் நீர்தான்" என்றார். போட்டியில் இருக்கிறேனா இல்லையா என்று கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவேன்.

நானும் வருகிறேன் என்றேன். "அப்பாவுக்கு இப்ப வேண்டியது உம்முடைய தம்பியின்ர கையெழுத்து. நீர் இரும்" என்றார். அப்பா சாப்பிட்டாரா என்று எழுது.

டோரின்


கொட்டாஞ்சேனை
27.5.1998

அக்கா,

அப்பா வீட்டில். நேற்றுப் பின்னேரமே விட்டுவிட்டார்கள். சாப்பிட்டார், இரண்டு தரம்.

நடந்ததைச் சொல்கிறேன். ஸ்ரேசனில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் கொன்ஸ்தாபிள் ஸாலிஹ் மட்டும்தான். அவர் ஒவ்வோர் அட்டையாக வாசித்துச் சிங்களத்தில் சொல்ல, சார்ஜன் முகத்தை இறுக்கிக்கொண்டு இருந்தார். மயிலம்மாவின் மூட்டுவாதம் வந்ததும் பின்னால் ஒருவர் சிரித்துவிட்டார். தையல்காரர் வந்ததும் சார்ஜனுக்கும் தாங்க முடியவில்லை. பிறகு எனக்கு ஒரு பேனையைத் தந்து, வலது கையால் பத்து, இடது கையால் பத்து, சவுந்தரநாயகம் என்று எழுதச் சொன்னார். எழுதினேன். அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "மல்லி, தம்பி, உன்ர ரெண்டு கையும் ஒரே கள்ளன்" என்றார். அட்டைகளை அவரே வைத்துக்கொண்டார். மின்விசிறி ஒருவருக்கும் இல்லை.

அப்பா வெளியே வந்தார். ஒரு நாள் தாடி. செருப்பைப் போடும்போது என்னைப் பார்க்காமலே, "நாப்பத்து மூண்டு பேரைக் குடிவைச்சனி, ஒருத்தனுக்காவது பதிவு எடுக்கவேணும் எண்டு தோன்றேல்லையே?" என்றார். அடித்திருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

பாதி வழியில், "அட்டையைக் குடுத்தது அவளோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"குடுத்தால் என்ன நடக்கும் எண்டு தெரிஞ்சோ?"

"ஓம், அப்பா. தெரிஞ்சுதான்."

மிச்ச வழி முழுக்க எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். ஆனால் வீட்டுக்கு வந்து பேப்பரை எடுக்கவில்லை. அக்கா, மன்னித்துக்கொள். இந்த இரண்டு சொல்லை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன்.

பேதுரு (ஒருவன் மட்டும்)


வெள்ளவத்தை
1.6.1998

அன்பின் பேதுரு,

நேற்று என்னை ரி.வி.யில் பார்த்திருப்பாய். நீ கூரையில் என்றால், கேட்டிருப்பாய்.

நாற்பத்து மூன்றையும் கழித்துப் பார்த்தார்களாம். கழித்த பிறகும் நான் நாலாவது ஆளைவிடப் பதினொரு அட்டை முன்னுக்கு. அந்தப் பதினொருவரும் யார் என்று தெரிந்தால் வீடு வீடாகப் போய்க் கும்பிடுவேன். கதிர்காமநாதன் சேர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். 42/7 என்று முகவரி வருகிற எந்த அட்டையும் இனி எண்ணப்படாது, வாசிக்காமலே ஒதுக்கிவிடுவார்கள். சரி என்றேன்.

பாக்கியலெட்சுமியிடம் நானே போய்ச் சொன்னேன்.  "நீங்க சொல்லாட்டி நா மூணாவது. சொன்னதாலே இப்ப ரெண்டாவது. இனி மொதலாவதுக்கு வர்றேன், பாத்துக்கங்க" என்றாள். பிறகு என் காலைப் பார்த்துவிட்டுத் தன் சப்பாத்தைக் கழற்றித் தந்தாள். அளவு அச்சொட்டு. அவள் பாடி முடித்து வந்து கழற்ற, நான் போட்டுக்கொண்டு மேடைக்கு ஓடினேன். ஒரே சோடிச் சப்பாத்து இரண்டு பேருக்காக இறுதிப்போட்டியில் நின்றது.

எப்படிப் பாடினேன்? மாமி பாட்டு முடியுமட்டும் கதைக்கவில்லை. அதிலிருந்து அளந்துகொள். வெள்ளவத்தைச் சந்தையில் இன்று மீன்காரர், "நங்கி, ஞாயிற்றுக்கிழமை ஜெயிக்கணும்" என்று ஒரு மீனைத் தலை வெட்டித் துப்புரவாக்கிச் சும்மா தந்தார். பிடவைக் கடைக்காரர் ஒரு சாறியைக் கொடுத்து முடிவு சொல்கிற அன்று கட்டச் சொன்னார். ஒரு சின்னப் பிள்ளை என் கையைத் தொட்டுவிட்டு ஓடியது.

பதிவில் என் பெயர் இருக்கிறதா? ஸ்ரேசனில் படிவத்தைப் பார்த்திருப்பாயே.

டோரின்


கொட்டாஞ்சேனை
4.6.1998

அக்கா,

படிவம் சார்ஜனின் முழங்கைக்குக் கீழே இருந்தது. அந்த முழங்கையை நகர்த்தச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் ஓர் அட்டையும் தொடவில்லை. சத்தியம், அந்தோனியார் மேல். ஆனால் ஒழுங்கை தொட்டது. ஷிப்லியின் வாப்பாவின் கடையில் அட்டை முடிந்து, திரும்ப எடுத்து, அதுவும் முடிந்தது. இந்த முறை எழுதினவர்கள் எல்லாரும் உயிரோடு இருப்பவர்கள். சிலருக்குக் கை நடுங்கும் என்று நான் எழுதிக் கொடுக்கப் போனேன், "நீ தள்ளிநில்" என்று துரத்திவிட்டார்கள். கடைசி அட்டையை யார் வாங்கினது என்று கேட்டால் வாப்பா மீசைக்குள் சிரிக்கிறார், சொல்லமாட்டாராம்.

42/7க்குத் தடை என்ற செய்தியை நான் வீட்டில் சொல்லவில்லை. போதுமான அளவு அவமானம் கைவசம் இருக்கிறது. அம்மா ஓர் எழுத்து எழுதுவதென்றாலும் என்னிடம்தான் வருவா, அதனால் பிரச்சினை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அன்ரனாவைக் கயிற்றால் கட்டப்போகிறேன். இந்த முறை நான் உன்னைப் பார்க்கவேண்டும்.

பேதுரு


வெள்ளவத்தை
8.6.1998

அன்பின் பேதுரு,

பார்த்தாயா? முதலாவது என்று என் பெயரைச் சொன்னதும் நான் திரும்பிப் பின்னால் பார்த்தேனாம், வேறு யாரோ டோரின் நிற்கிறாள் என்று. பாக்கியலெட்சுமிதான் முதுகில் இடித்து முன்னால் தள்ளினாள். இருநூறு அட்டைக்கு மேல் வித்தியாசம். அடுத்த மாதம் இரண்டு பேருக்கும் கசெற் பதிவு, சேர்ந்து ஒரு பாட்டும் உண்டு. காலையில் பாண் வாங்கப் போனவள் ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் வீடு வந்தேன். தெருவில் எல்லாரும் மறிக்கிறார்கள், பேதுரு. மறிப்பது இவ்வளவு சந்தோசமாகவும் இருக்கலாம் என்று நான் நினைக்கவே இல்லை.

நிகழ்ச்சி முடிந்த பிறகு கதிர்காமநாதன் சேர் என்னைக் கூப்பிட்டார். "சொல்லியும் உம்முடைய தம்பி திருந்தேல்லை, பாரும்" என்று ஓர் அட்டையை நீட்டினார். ஒதுக்கி வைத்திருந்தது. முகவரி 42/7.

வாங்கிப் பார்த்தேன். உன் எழுத்து இல்லை. துறைமுகத்தில் பெட்டி இலக்கம் எழுதுகிற எழுத்து, ஒரே சாய்வு, ஒரே அளவு. அப்படியே எழுதுகிறேன்:

"பெயர்: யேசுரட்ணம். அடையாள அட்டை இலக்கம் கீழே. பொலிஸ் பதிவு இலக்கம் கீழே. பிறந்த திகதி கீழே. இந்த வீட்டில் நிரந்தரமாக வசிப்போர் நால்வர்: யேசுரட்ணம், யோசெப்பின், டோரின், பேதுரு. வேறு எவரும் இல்லை. இவர்களுள் டோரின் தற்போது வெள்ளவத்தையில் பாடுகிறார். என் வாக்கு அவருக்கு."

கையெழுத்து. அதன்மேல் திகதி.

சேர் அதை எண்ணவில்லை. சொன்னால் சொன்னதுதான் என்றார், நானும் எண்ணச் சொல்லவில்லை. அட்டையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் நீ ஒரு வேலை செய்யவேண்டும். எங்கள் வீட்டில் முகம் மாறாமல் பொய் சொல்லத் தெரிந்த ஆள் நீ ஒருவன்தான். அந்த அட்டை எண்ணப்படவில்லை என்று அப்பாவுக்கு ஒருநாளும் தெரியக்கூடாது. கேட்டால், அக்கா ஒரே ஒரு வாக்கால்தான் வென்றாள் என்று சொல்லு.

இது உன் நாற்பத்து நாலாவது பொய். இதோடு நிற்பாட்டு.

உன் அக்கா,
டோரின்
42/7 (நிரந்தரம்)